நாய் டீச்சருக்கு ஓர் ஆட்சேபனை மனு

முப்பத்துநான்கு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொன்னார்கள். அந்தத் தெருவில் லிஃப்ட் எதுவும் கிடையாது. எல்லாம் மாடியில்லாத வீடுகள். முன்னால் ஒரு வண்டி நிற்கிற அளவு இடம், பின்னால் துணி காயப்போடுகிற அளவு தோட்டம், அதற்கும் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே இடுப்பளவுக் கம்பி வேலி.

அவருக்கு ஒரு நாய் இருந்தது. அது வந்த கதையைச் சொல்லாமல் அவர் யாரையும் விட்டுவைத்ததில்லை. வேலையின் கடைசி மாதம், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டுக்குக் கீழே கீச்சுக் கீச்சென்று சத்தம் வருகிறது என்று புகார். கூட வந்த ஆள் பேரிங் போயிருக்கும் என்றான். இவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இது இரும்புச் சத்தம் இல்லை என்றார். மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஏணி வழியாகக் குழிக்குள் இறங்கினார். ஸ்பிரிங்குக்குப் பின்னால் கிரீஸில் ஊறிப்போய் உள்ளங்கையளவு குட்டி ஒன்று கிடந்தது. ஸ்பேனர் பையில் போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வளர வளர உடம்பு நீண்டுகொண்டே போனதே தவிர கால் வளரவில்லை. கட்டை என்று பேர் வைத்தார்.

அவருடைய மனைவி கண் ஆஸ்பத்திரியில் பதிவு மேசையில் வேலை பார்த்தார். காலை எட்டரைக்குப் போனால் சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவார். நடுவில் உள்ள நேரம் முழுக்க லிஃப்ட்காரரும் கட்டையும்தான். அந்த நேரத்தில் கட்டையிடம் அவர் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று: கூப்பிட்டால் வர வேண்டும். மூன்று வருடத்தில் அது மட்டும் நடக்கவில்லை. "கட்டை, வா" என்றால் அது காதை ஒரு தடவை அசைக்கும். கேட்டுவிட்டது என்பதற்கு அதுதான் ரசீது. பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். கணவனுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அவள் முன்பு ஒரு கால்நடை மருத்துவமனையில், ஊசி போடும்போது நாய்களைப் பிடித்துக்கொள்கிற வேலையில் ஒன்பது வருடம் இருந்தவள். கடிபட்ட தழும்பு இரண்டு கையிலும் உண்டு. வந்த ஆறாவது மாதம், தெரிந்தவர்களின் நாய் ஒன்றிரண்டைப் பின்தோட்டத்தில் வைத்துப் பழக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் அவளை நாய் டீச்சர் என்றார்கள். அந்தப் பேரே நின்றுவிட்டது.

லிஃப்ட்காரருக்கு முதலில் அவள்மீது எந்த வருத்தமும் இல்லை. ஒரு நாள் காலை, கட்டையைக் குளிப்பாட்ட எட்டு ஒன்பது தடவை கூப்பிட்டு, தொண்டை கட்டி, கையில் சோப்போடு நின்றுகொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்த டீச்சர் இதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளங்கையைக் கீழே பார்க்கத் திருப்பி, மெல்ல இறக்கினாள். அவ்வளவுதான். கட்டை தொட்டிக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து, வேலி ஓரமாக, பள்ளிக்கூடத்து முதல் பெஞ்சு மாணவனைப்போல நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ரொம்பப் புத்திசாலி சார் இவன்" என்றாள் அவள்.

"ம்" என்றார் லிஃப்ட்காரர். அன்றைக்குத்தான் அவர் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது.

குழிக்குள் இறங்கித் தூக்கியவர் அவர். கிரீஸை மண்ணெண்ணெய் படாமல், எண்ணெய் தடவித் தடவி மூன்று நாள் துடைத்தெடுத்தவர் அவர். காது சீழ் பிடித்தபோது வேளாவேளைக்கு மருந்து விட்டவர் அவர். நேற்று வந்த ஒருத்தி கையைத் தாழ்த்தினால் உட்காருமாம்! சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். மனைவிக்கு அது புகாராகவே படவில்லை.

"அந்தப் பொண்ணுக்குக் கைராசிங்க. ஆஸ்பத்திரியில எங்க சின்ன டாக்டர் கை வச்சாலும் குழந்தைங்க அழாது, அதே மாதிரிதான்."

"கைராசியும் இல்ல, கால்ராசியும் இல்ல. பையில கோழிக்கறி வச்சிருப்பா."

"நீங்களும் வச்சுக்கோங்களேன், யாரு வேண்டாம்னா?"

அவரும் வைத்துப் பார்த்தார். கட்டை வந்தது, கறியை வாங்கிக்கொண்டது, அதை வேலி ஓரமாக எடுத்துக்கொண்டு போய் டீச்சர் வீட்டைப் பார்த்தபடி தின்றது.

பிறகு வேலிக்கு அடியில் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. குட்டைக் கால் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருந்தது. மூன்று தடவை அந்தப் பக்கம் போய்விட்டது. மூன்று தடவையும் டீச்சர் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசல் வழியாக வந்தாள். "சார், உங்க ஆளு வந்துட்டான்" என்று சிரிப்பாள். அவள் கையில் இருக்கும்வரை நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு சிரித்த முகமாக இருக்கும் கட்டை, இவர் கைக்கு மாறியதும் விறகுக்கட்டையாகிவிடும். பேர் வைத்த நேரம் அப்படி என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்துவார்.

இப்படி இருக்கும்போதுதான் டீச்சர் வீட்டு வாசல் கதவில் நகராட்சி ஒரு மஞ்சள் அறிவிப்பை ஒட்டியது. குடியிருப்புப் பகுதியில் வீட்டிலேயே நாய்ப் பயிற்சி நடத்த இந்த வீட்டுக்காரர் அனுமதி கேட்டிருக்கிறார். ஆட்சேபனை உள்ளவர்கள் இருபத்தொரு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று இருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தபாலிலும் ஒரு பிரதி வந்தது. மனைவிதான் பிரித்துப் படித்தார்.

"பாவம், ஒளிச்சு மறைச்சு செய்யாம முறையாக் கேட்டிருக்கா பாருங்க. நமக்கு ஆட்சேபனை ஒண்ணும் இல்லன்னு எழுதிப் போட்டுடுங்க."

"பார்ப்போம்."

"இதுல பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?"

அவருக்கு அதில் நிறைய இருந்தது. இதுவரை வேலி ஓரத்து விளையாட்டாக இருந்தது, இனிமேல் முத்திரை குத்திய தொழில். வாரத்துக்கு இருபது நாய் வரும். இருபது நாயும் அவள் விரலைப் பார்த்து உட்காரும், எழும், படுக்கும். அதையெல்லாம் கட்டை கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். அவர் யாரும் மதிக்காத முதலாளியாக இந்தப் பக்கம் நிற்க வேண்டும்.

மறுநாள் காலை மனைவி கிளம்பியதும் அலமாரியில் தேடி, பழைய பராமரிப்புப் பதிவேடு ஒன்றை எடுத்தார். எழுதாத பக்கங்கள் நிறைய இருந்தன. அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். தேதி, நேரம், எத்தனை நிமிடம், எந்தப் பக்கம். பின்கட்டு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கடிகாரத்தை மேசையில் வைத்து, நாய் குரைக்கிற ஒவ்வொரு தடவையும் குறித்தார். லிஃப்ட் கதவு எத்தனை நொடியில் சாத்துகிறது என்று குறித்தவருக்கு இது பெரிய வேலை இல்லை. வாசலில் நிற்கிற வண்டிகளுக்குத் தனிப் பக்கம். வேலையை விட்ட பிறகு இவ்வளவு சுறுசுறுப்பாக அவர் இருந்ததில்லை. மனைவிக்கே சந்தேகம் வந்தது.

"என்னங்க, முகம் தெளிவா இருக்கு? சர்க்கரை குறைஞ்சிருக்கா?"

பதினெட்டாம் நாள், பல்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் நகராட்சியில் மனுவைக் கொடுத்தார். சத்தம், வாகன நெரிசல், நாற்றம், பொதுநலன் என்று நான்கு காரணம் எழுதியிருந்தார். கட்டையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குரைப்பு மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று தடவை என்று கூட்டிப் போட்டிருந்தார். பக்கவாரியாகக் கூட்ட அவருக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் கூட்டாமல் விட்டுவிட்டார்.

விசாரணைக்கு அழைப்பு வந்தபோது ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போகிறேன் என்றார் மனைவியிடம். நகராட்சியின் இரண்டாம் மாடி. அங்கே ஒரு லிஃப்ட் இருந்தது. ஏறும்போதே கதவு ஒரு பக்கம் உரசுவதைக் கவனித்தார், யாரிடமும் சொல்லவில்லை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா தலைவர், பக்கத்தில் ஒரு இளம் என்ஜினியர், குறிப்பெடுக்க ஒரு எழுத்தர். டீச்சர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்து, "சார், நீங்களும் எனக்காக வந்தீங்களா?" என்றாள். அவருக்குக் காது மடல் சுட்டது. எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் அம்மா பதிவேட்டைப் புரட்டினார்.

"இவ்வளவு ஒழுங்கா யாரும் ஆட்சேபனை கொண்டு வந்ததில்ல. நீங்க என்ன வேலையில இருந்தீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்குங்க. முப்பத்துநாலு வருஷம்."

"நல்லாத் தெரியுது. கடைசிக் கட்டத்துல 'அ', 'இ'ன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன?"

"'அ'ன்னா அந்தப் பக்கத்து நாய் குரைச்சது. 'இ'ன்னா இந்தப் பக்கம்."

"இந்தப் பக்கம்னா?"

"எங்க பக்கம்."

பக்கத்திலிருந்த என்ஜினியர் பதிவேட்டை இழுத்து, பென்சில் முனையால் ஒவ்வொரு வரியாக எண்ண ஆரம்பித்தான். லிஃப்ட்காரர் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பார்த்ததைப் பதிவேட்டில் எழுதாமல் விட அவர் கைக்கு வராது.

"மேடம், மொத்தம் நூத்தி நாப்பத்து மூணு. அதுல நூத்திப் பதினேழு 'இ'" என்றான் என்ஜினியர்.

"உங்க வீட்ல எத்தனை நாய் சார்?" என்றார் தலைவர் அம்மா.

"ஒண்ணு."

எழுத்தர் குனிந்து எதையோ தேடுவதுபோலச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. "அது என்னைப் பார்த்துத்தான் குரைக்குது மேடம், அவர் மேல தப்பு இல்ல. வேலி கம்பியா இருக்கிறதால பார்த்துக்கிட்டே இருக்கு. நான் வேணும்னா பலகை வேலி போட்டுடறேன்" என்றாள். அவள் தமக்காகப் பரிந்து பேசியதுதான் லிஃப்ட்காரருக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

ஒரு வருடத்துக்கு அனுமதி கிடைத்தது. ஒரே நேரத்தில் நான்கு நாய்க்கு மேல் கூடாது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரைதான். இரவு தங்கவைக்கக் கூடாது. இரண்டு வண்டிக்கு மேல் வாசலில் நிற்கக் கூடாது. பெயர்ப் பலகை ஒரு கைக்குட்டை அளவுக்குமேல் போகக் கூடாது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஆறடி உயரத்தில் இடைவெளியில்லாத பலகை வேலி.

"வேலி வந்துட்டா உங்க நாய் கண்ணுல அவங்க படமாட்டாங்க. திருப்திதானே சார்?" என்றார் தலைவர்.

"ரொம்பத் திருப்தி" என்றார். மனசாரச் சொன்னார்.

பத்து நாளில் தச்சர்கள் வந்து வேலியை எழுப்பினார்கள். லிஃப்ட்காரர் ஒவ்வொரு பலகையும் நேராக நிற்கிறதா என்று இந்தப் பக்கத்திலிருந்து நூல் பிடித்துப் பார்த்தார். கடைசிப் பலகை அடித்ததும் இனிமேல் கட்டை தமக்குத்தான் என்று உள்ளே போய் டீ போட்டுக் குடித்தார். திரும்பி வந்து பார்த்தால் கட்டை வேலிக்கு நேர் எதிரே, பலகையிலிருந்து ஒரு சாண் தள்ளி, உட்கார்ந்திருந்தது. குரைக்கவில்லை, மண்ணைப் பறிக்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மறுநாளும் அப்படியே. சோற்றைக் கிட்டத்தில் கொண்டுபோய் வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டு மறுபடி பலகை.

அந்த வாரம்தான் உத்தரவின் பிரதி தபாலில் வந்தது. இதையும் மனைவிதான் பிரித்தார். "ஆட்சேபனை தெரிவித்தவர்" என்ற இடத்தில் ஒரே ஒரு பேர் இருந்தது. மனைவி அந்தக் காகிதத்தை மேசையில் வைத்து, அதன்மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஓய்வூதிய ஆபீசுல என்ன சொன்னாங்க?"

லிஃப்ட்காரர் மேசையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"தெருவுல இருபத்தி ரெண்டு வீடு. வேற ஒருத்தரும் எழுதல. ஏங்க, அவ உங்களை என்ன பண்ணினா?"

"சத்தம் தாங்க முடியல."

"சத்தமா? பக்கத்துல தண்டவாளம் இருந்த வீட்டுல பதினோரு வருஷம் குறட்டை விட்டுத் தூங்கின ஆளு நீங்க. உங்களுக்கு வயித்தெரிச்சல். நாய் அவகிட்ட ஓடுதுன்னு வயித்தெரிச்சல். அதைப் பொதுநலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல."

மனைவி பக்கத்து வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் இருந்துவிட்டு வந்தார். அங்கே என்ன பேசினார் என்று இவர் கேட்கவில்லை. ஆனால் வேலி தாண்டி இரண்டு பெண்களும் சிரித்தது கேட்டது. அது இன்னொரு தனிக் காந்தலாக இருந்தது.

மறுநாள் லிஃப்ட்காரர் கடைத்தெருவுக்குப் போய் ஒரு விசில் வாங்கினார். டீச்சர் வைத்திருந்தது போன்ற ஒல்லியான கறுப்பு விசில். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தோட்டத்தின் கோடியில் வேலியை ஒட்டி நின்று, அவள் ஊதுவதைப்போலவே, ஒரு நீளம், இரண்டு குட்டை, ஊதினார். அப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் படுத்திருந்த கட்டையின் காது சட்டென்று விறைத்தது. எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு நான்குகால் பாய்ச்சலில் வந்தது. அவர் குனிந்து இரண்டு கையையும் விரித்தார். அது அவர் முழங்காலை உரசிக்கொண்டு தாண்டிப் போய், வேலியில் முன்னங்காலை வைத்து எம்பி எம்பிக் குதித்தது. டீச்சர் கூப்பிட்டாள் என்று நினைத்துவிட்டது. பலகை திறக்காததைப் பார்த்து மெல்ல ஒரு சத்தம் எழுப்பியது. லிஃப்ட் குழிக்குள் அன்றைக்குக் கேட்ட அதே மாதிரிச் சத்தம்.

விரித்த கையோடு எவ்வளவு நேரம் அப்படியே குனிந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. பிறகு விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சட்டையை மாற்றி, கட்டையைக் கயிற்றில் பிடித்து, வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்த டீச்சர் ஒரு கணம் தயங்கினாள். "உள்ள வாங்க சார்."

"இல்லம்மா, இங்கயே நிக்கிறேன். இவனைச் சேர்க்கணும். இடம் இருக்கா?"

"நாலு பேருக்கு மேல கூடாதே" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. நோட்டைப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை நாலு மணிக்கு ஒருத்தர் நின்னுட்டார். அதுல வாங்க" என்று ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் 'என்ன பிரச்சனை' என்று ஒரு இடம். கூப்பிட்டால் வருவதில்லை என்று எழுதினார். 'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"எதுக்கெல்லாம் கூப்பிடுவீங்க சார்?"

"எதுக்குன்னா... குளிப்பாட்ட. காதுக்கு மருந்து விட. வெளியில போறப்ப கட்டிப் போட. நகம் வெட்ட."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

"அதான் சார். 'வா'ன்னு நீங்க சொன்னாலே சோப்புன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவனுக்கு உங்க மேல பிரியம் இல்லாம இல்ல, அந்த வார்த்தைதான் பிடிக்கல. ஒரு நாளைக்குப் பத்து தடவை சும்மா கூப்பிடுங்க. வந்தா ஒரு துண்டு கொடுங்க, தடவி விடுங்க, போடான்னு விட்டுடுங்க. குளிப்பாட்டணும்னா கூப்பிடாதீங்க, நீங்களே போய்த் தூக்கிக்கோங்க."

பழுது எங்கே என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். தம் தொழிலில் அப்படிக் கண்டுபிடிக்கிறவர்களை அவர் மதித்துத்தான் பழக்கம். மதிப்பு வந்தது. கூடவே, இதுவும் இவளுக்குத்தான் தெரிய வேண்டுமா என்ற எரிச்சலும் வந்தது. படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த மனு..." என்று ஆரம்பித்தார்.

"அக்கா எல்லாம் சொன்னாங்க. புதன்கிழமை நேரத்துக்கு வந்துடுங்க சார்" என்றாள் அவள்.

முதல் இரண்டு புதன்கிழமை கட்டை அவர் பக்கமே திரும்பவில்லை. வகுப்பில் இன்னும் மூன்று பேர். ஒரு பல் டாக்டரம்மா கன்றுக்குட்டி உயர நாயோடு வருவார். ஒரு புதுத் தம்பதிக்குப் பஞ்சுப் பொதி போல ஒன்று. பேசவே பேசாத ஒரு தையல்காரரின் நாய் அவரைவிட அமைதி. எல்லோருடைய நாயும் தத்தம் ஆளைப் பார்த்து ஓடியது. லிஃப்ட்காரருக்கு இப்போது டீச்சர் ஒருத்தி மீது இருந்த பொறாமை நான்கு பேர் மீதும் பங்கு பிரிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு நாளைக்குப் பத்து என்பதை இருபதாக ஆக்கினார். பதிவேட்டில் புதுப் பக்கம் போட்டு, கூப்பிட்டது, வந்தது, வராதது என்று எழுதினார். மூன்றாம் வாரம் ஒரு நாள் இருபதில் நான்கு. நான்காம் வாரம் பதினொன்று. மனைவி அதை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் பேசாமல் போனதே பெரிய சமாதானம்.

ஆறாவது புதன்கிழமை டீச்சர் நாய்களையெல்லாம் கயிறில்லாமல் தோட்டத்து நடுவில் விட்டாள். ஆட்களைச் சுற்றுச்சுவர் ஓரமாக நிறுத்தினாள். வேண்டுமென்றே தானும் ஒரு பக்கம் குத்துக்காலிட்டு, கையில் கறித் துண்டோடு உட்கார்ந்தாள்.

"நான் எதுவும் சொல்லமாட்டேன். நீங்க கூப்பிடுங்க சார்."

"கட்டை" என்றார். கனைத்துக்கொண்டு, "வா" என்றார்.

கட்டை பாதி தூரம் வந்து நின்றது. டீச்சரைப் பார்த்தது. அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்தது. மறுபடி டீச்சரைப் பார்த்தது. இன்னொரு தடவை கூப்பிட நாக்கு துடித்தது, ஒரு தடவைக்கு மேல் கூப்பிடக் கூடாது என்பது விதி. கடைசியில் அந்தக் குட்டைக் கால்கள் இவர் பக்கம் திரும்பின. ஓட்டம் இல்லை, ஏதோ முடிவெடுத்துவிட்டு வருகிற நடை. வந்து, அவர் செருப்பின்மேல் உட்கார்ந்தது.

பல் டாக்டரம்மா கை தட்டினார். லிஃப்ட்காரர் கறியை நீட்டினார், நெற்றியைத் தடவினார், கண்ணில் வந்ததைத் தோள்பட்டையில் துடைத்தார். "போடா" என்று விட்டார். கட்டை நேராக டீச்சரிடம் ஓடியது.

சாயங்காலம் மனைவி கைப்பையை வைப்பதற்கு முன்னாலேயே கேட்டார். "வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் அவகிட்டப் போயிடுச்சு."

"போயிட்டுப் போகுது. வந்துச்சுல்ல?"

"வந்துச்சு" என்று இன்னொரு தடவை சொன்னார்.

டீச்சரின் அனுமதி இப்போது மூன்றாவது வருடமாக ஓடுகிறது. வகுப்பு முடிந்தவர்களில் யாருக்காவது சந்தேகம் வந்தால் லிஃப்ட்காரரைக் கேட்கச் சொல்கிறாள் அவள். அவரும் வாசலில் நின்று, குளிப்பாட்டக் கூப்பிடாதீர்கள் என்று தாமே கண்டுபிடித்ததுபோலச் சொல்லி அனுப்புகிறார். கட்டை பத்துக்கு எட்டுத் தடவை வருகிறது. ஆனாலும் சாயங்காலம் நடக்கக் கூட்டிப் போகும்போது, டீச்சர் வீட்டு வாசல் வந்தால் அவர் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு மாறிக்கொள்கிறார். கட்டை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். அவர் கயிற்றைக் கொஞ்சம் குட்டையாகப் பிடித்துக்கொண்டு, வேகமாக நடப்பார்.